கூப்பிடாத வீட்டுல பந்தல்

தட்டணு கூடிருக்குன்னு லட்டு டப்பாவோட வந்த மொத மனுசன் இந்த ஊர்லயே நீதாம்ல மருமவனே. உக்காரு. கல்யாணத்துக்குப் பொறவு ‘வாங்க மாப்ள, இருங்க மாப்ள’ன்னுதான் ஒன்னக் கூப்பிடணும்னு ஒங்கத்தை எனக்குச் சட்டம் போட்டு வச்சிருக்கா. அவ அடுக்களைல இருக்கா, நாம பேசுதது கேக்காது. மூக்கொழுகத் தூக்கிச் சுமந்த அக்கா மவனுக்கு மரியாத குடுக்க எனக்கு வாய் வர மாட்டேங்கு.

ஒம்மேல குத்தம் சொல்லல. ஐப்பசி மழைக்குப் பொறவு டெங்குக் கொசு கெளம்புனா நம்ம பக்கம் பூரா தட்டணுக் கணக்குத்தான். பருத்தி வெலயக் கேக்க ஆளில்ல. ‘கீழத்தெரு வாத்தியாருக்கு நாப்பதாயிரமாம், அவர் பொஞ்சாதிக்கு முப்பதாயிரமாம்’னு டீக்கடைல ஏலம் போடுதானுவ. பப்பாளி மரம் ஒண்ணுலயும் எல தங்காது. அதனால கொறஞ்சா சாவு, கூடுனா சொத்துன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டீங்க. ஒன் ரிப்போர்ட்டுல 4,92,000-ன்னு போட்டு, பக்கத்துல தடிமனா ‘எச்’சுன்னு அடிச்சிருக்கான். நீ அத மொத வகுப்புன்னு எடுத்துக்கிட்ட. மேல்வரம்பு 4,50,000. அது பரீட்ச மார்க்கு இல்லலே.

அதவிட எனக்குச் சிரிப்பு வந்தது ஒஞ் சட்டப்பையப் பாத்துத்தான். ஆஸ்பிரின் அட்ட ஒண்ணு எட்டிப் பாக்கு. என்னன்னு கேட்டா, ‘மாமா, தெனம் ஒண்ணு போட்டா கேன்சர் வராதாம், போன்ல வந்துச்சு’ங்க. ஆஸ்பிரின் என்ன செய்யும்? தட்டணுவ ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாது. கையில தட்டணு கூடுனதுக்கு இனிப்பு, பையில தட்டணுவ முடக்குததுக்கு மாத்திர. ரெண்டையும் ஒரே நாள்ல கொண்டாடுத மனுசன நான் இப்பத்தாம் பாக்கேன். ஆனா அந்தப் போன்காரன் முழுப்பொய் சொல்லல, கேட்டியா. முழுப்பொய்யின்னா வெரட்டிரலாம். காவாசி நெசம் கலந்ததுதான் ஆளக் கவுக்கும். அதான் ஒன்ன இன்னிக்கிச் சும்மா விடப் போறதில்ல. காப்பி வரும், குடிச்சிக்கிட்டே கேளு.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி லேபுல காலந்தள்ளுனவன். இப்ப மாதிரி குழாய மெஷின்ல சொருவுனா சீட்டு வரும் சமாச்சாரம் அப்ப இல்ல. சொட்டு ரத்தத்த ஸ்லைடுல வச்சு, இன்னொரு ஸ்லைடு வெளிம்பால ஒரே இழுப்பு. காய விட்டு லீஷ்மன் சாயத்த ஊத்தணும், பொறவு தண்ணி கலக்கணும், கழுவணும். ஒரு சொட்டு எண்ணெய விட்டு நூறு லென்ஸ எறக்கிக் கண்ண வச்சா, செவப்பணு பூரா ரோஸ் நெறத்துல தட்டுத் தட்டா கெடக்கும். அதுக்கு ஊடால ஊதாப் பொடி தூவிக் கெடக்கும் பாரு, அதான் தட்டணு. புதுசா வந்த பயலுவ சாயத்தூளு படிஞ்சிருக்குன்னு ஸ்லைடத் திருப்பிக் கழுவப் போவானுவ. ஒரு பார்வைக்கு எத்தன தெரியுதுன்னு பத்து எடத்துல எண்ணி, சராசரிய 15,000-ஆல பெருக்குனா தோராயமா கணக்கு வந்துரும். ஒனக்கெல்லாம் ஒரு பார்வைக்கு முப்பதுக்கு மேல தெரிஞ்சிருக்கும்.

அதுக்கு உட்கரு கெடையாது. முழுச் செல்லே இல்ல. எலும்பு மஜ்ஜைல மெகாகேரியோசைட்டுன்னு ஒரு தடியன் செல்லு இருக்கு, அது ஒடம்பப் பிச்சுப் பிச்சு ஆயிரக்கணக்குல போடுத துணுக்குதான் தட்டணு. ஒரு நாளைக்கு 10,000 கோடி போல தயாராவுது. ஒவ்வொண்ணுக்கும் ஆயுசு 7-லேருந்து 10 நாளு. இது தனி ஜாதி அணு, காயம்பட்ட எடத்துல கூடி அடைக்குதுன்னு 1882-லயே இத்தாலில டூரின்ல பிட்சோஸெரோ எழுதி வச்சாரு. அதுக்குப் பொறவு ரொம்பக் காலம் ‘ரத்தத்த அடைக்கும், அவ்ளோதான்’னு இதத் திண்ணைல உக்கார வச்சிட்டாங்க.

நம்ம மேலத்தெருப் பந்தக்காரர ஒனக்குத் தெரியும்லா? எங்க மேளச்சத்தம் கேட்டாலும் வேட்டிய மடிச்சுக் கட்டி, கயிறு, மூங்கி, கீத்தோட போயி நிப்பாரு. யார் வீடு, என்ன விசேசம்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. தட்டணு அந்த மனுசந்தான். ரத்தக்குழாய் கிழிஞ்சு உள்ள இருக்க கொலாஜன் நாரு வெளிய தெரிஞ்சாப் போதும், ஓடிப்போயி ஒட்டிக்கிடும். ஒட்டுன கையோட தட்டையா இருந்தது கையக் கால நீட்டி உருமாறும், உள்ள வச்சிருக்க பைகள அவுத்துக் கொட்டும். ஒரு பைல மத்த தட்டணுவளக் கூப்பிடுத சரக்கு. இன்னொண்ணுல புதுத் தசை வளக்குத, புது ரத்தக்குழாய் மொளைக்க வைக்குத சரக்கு. காயம் ஆறணும்லா, அதுக்கு. இதுல எங்கயாவது கெட்ட எண்ணம் இருக்கா சொல்லு?

புத்துநோய்க்காரன் கெட்டிக்காரன். அவன் வீட்டுல கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல, மேளத்த மட்டும் அடிப்பான். புத்துச் செல்லு மேல டிஷ்யூ ஃபேக்டர்னு ஒரு புரதம் இருக்கும். நெசமான காயத்துலதான் அது ரத்தத்தப் பாக்கணும், பாத்தா த்ராம்பின் உண்டாவும், தட்டணு முழிச்சிக்கிடும். கட்டிக்குள்ள இருக்க ரத்தக்குழாயும் அவசரத்துல கட்டுனது, எல்லா எடத்துலயும் ஒழுகும். பாஸ்டன்ல ஹரால்ட் டிவோராக்னு ஒரு டாக்டர் 1986-ல இதத்தான் சொன்னாரு. ஒடம்புக்குக் கட்டின்னு தெரியல, ஆறாத காயம்னுதான் தெரியுதாம். காயம்னு நெனச்சு நம்மாளு ஓடுதான், பந்தல் போடுதான், ஆற மாட்டேங்கே ஆற மாட்டேங்கேன்னு இன்னும் கீத்து கொண்டாரான். அந்தக் கீத்து பூரா கட்டிக்குத் தீனி.

நீ கொட்டாவி விடுத. சரி, கத சொல்லுதேன்.

பாரிஸ்ல அர்மான் த்ரூசோன்னு ஒரு வைத்தியர். ஓத்தெல்-தியு ஆஸ்பத்திரில அவர் பாடம் எடுத்தா டாக்டருக எல்லாம் வந்து நிப்பாங்க. 1865-ல ஒரு பாடத்துல சொன்னாரு: காரணமே இல்லாம ஒரு ஆளுக்கு நாளத்துல ரத்தம் கட்டுதுன்னா, கட்டுன எடத்த மட்டும் பாக்காத, உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்க புத்தத் தேடுன்னு. அப்ப ஸ்கேன் இல்ல, எக்ஸ்ரே இல்ல. கண்ணும் வெரலும்தான். வயித்துல கட்டியா புண்ணான்னு சந்தேகமா இருக்க நோயாளிக்கு இந்த ரத்தக்கட்டு வந்துட்டா, அதுவே சாட்சின்னு சொல்லிக் குடுத்தாரு. எல்லாரும் எழுதிக்கிட்டாங்க.

ரெண்டு வருசம் ஆவல. அவருக்கே வயித்துல கோளாறு. என்னன்னு யாருக்கும் பிடிபடல. 1867 சனவரி மாசம் ஒண்ணாந்தேதி, ஊரே புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கிட்டிருக்கு, இவரு தன் சிஷ்யன் பீட்டரக் கூப்பிட்டுக் காட்டுதாரு. ராத்திரி நாளத்துல ரத்தம் கட்டிருக்கு. இனிமே என் நோய் என்னன்னு எனக்குச் சந்தேகமே இல்லன்னுட்டாரு. அந்தச் சூன் மாசம் செத்துப் போனாரு. இரைப்பைப் புத்து. தான் சொன்ன பாடத்துக்குத் தானே கடைசிச் சாட்சியா நின்ன மனுசன். இன்னிக்கும் அந்தக் கோளாறுக்கு த்ரூசோ நோய்க்குறின்னுதான் பேரு. நம்மூர்ல ஒருத்தனுக்குக் காலு வீங்கிச் சூடா இருந்தா ‘வாய்வு’ன்னு வேப்பெண்ணெயத் தேச்சு அனுப்புதோம் பாத்துக்கோ.

அவரு பாத்தது புத்து ரத்தத்தக் கெடுக்கத. ரத்தம் புத்த வளக்குததயும் யாராவது பாக்கணும்லா? அதுக்கு நூறு வருசம் ஆச்சு. 1968-ல அமெரிக்காவுல கேப்ரியல் கேஸிக்குன்னு ஒருத்தரும் கூட்டாளிகளும் எலிக்குத் தட்டணுவக் கொறைக்க ஒரு மருந்து குத்துனாங்க. பொறவு புத்துச் செல்ல உள்ள விட்டாங்க. பரவுதது கொறஞ்சு போச்சு. ‘மருந்து செஞ்ச வேலையா இருக்கும்’னு ஒன்னய மாதிரி ஒருத்தன் கேப்பாம்லா, அதனால வெளிய இருந்து தட்டணுவ ஏத்திப் பாத்தாங்க. புத்து பழையபடி பரவ ஆரம்பிச்சிட்டு. அதுக்கு மேல சந்தேகத்துக்கு எடமில்ல, ஆனாலும் டாக்டருக ரொம்ப நாளைக்கு அதக் கண்டுக்கல. எலி சமாச்சாரந்தானன்னு விட்டுட்டாங்க.

இங்கதான் நீ காதக் குடுக்கணும். கட்டி ஒரே எடத்துல கெடந்தா வெட்டி எறிஞ்சிரலாம். ஆளக் கொல்லுதது பெரும்பாலும் அது பரவுததுதான். பரவணும்னா ரத்தத்துல எறங்கணும். எறங்குத செல்லுக்கு அது வாழுத எடமில்ல. ஓட்டத்தோட வேகமே பிச்சுப் போடும். போதாக்கொறைக்கு இயற்கைக் கொல்லி அணுன்னு ஒரு வெள்ளணு ரோந்து சுத்தும். நூறு செல்லு எறங்குனா ஒண்ணு தேறுததே பெருசு. அந்த ஒண்ணு எப்படித் தேறுதுங்க? நம்ம பந்தக்காரரு சுத்திப் போட்ட பந்தலுக்குள்ள உக்காந்துதான். கொல்லி அணு வந்து பாத்தா அதுக்குத் தட்டணுதான் தெரியும், உள்ள இருக்கவன் தெரிய மாட்டான்.

மறைக்கதோட விட்டாலும் பரவால்ல. ஒவ்வொரு செல்லு மேலயும் ‘நான் இந்த ஒடம்புக்காரன்’னு சொல்லுத அடையாளப் புரதம் ஒண்ணு இருக்கு. புத்துச் செல்லு பல நேரம் அதக் கொறச்சிருக்கும், அத வச்சுத்தான் கொல்லி அணு ஆளப் பிடிக்கும். ஜெர்மனில டூபிங்கன் ஆளுக 2012-ல என்ன கண்டாங்கன்னா, தட்டணு தன்மேல இருக்க அடையாளத்த எடுத்துப் புத்துச் செல்லு மேல அப்பி விட்டுருது! கேக்காத உதவி. வாங்குனவனே ஆச்சரியப்பட்டிருப்பான்.

இன்னும் இருக்கு. அதுக்கு முந்துன வருசம் அமெரிக்காவுல எம்.ஐ.டி-ல ரிச்சர்ட் ஹைன்ஸோட ஆய்வுக்கூடத்துல, புத்துச் செல்லையும் தட்டணுவையும் கொஞ்ச நேரம் சேத்து வச்சுப் பாத்தாங்க. ஒட்டி ஒழுங்கா இருந்த செல்லு பிரிஞ்சு, நீண்டு, நடமாட ஆரம்பிச்சிட்டு. தட்டணு பைல இருந்து டி.ஜி.எஃப்-பீட்டான்னு ஒண்ணு கொட்டுது, அது காயம் ஆறும்போது செல்ல நகத்துத சரக்கு. அது மட்டும் பத்தாது, தட்டணு தொட்டுக்கிட்டும் இருக்கணும்னு கண்டுபிடிச்சாங்க. கடைசியா, ஓடுத ரத்தத்துல இருந்து நுரையீரலுக்கோ ஈரலுக்கோ எறங்கணும்னா குழாய்ச் செவுரத் தாண்டணும்லா? அதுக்கும் தட்டணு ஏ.டி.பி-ங்கத அவுத்து விட்டுச் செவுத்துச் செல்லுகளுக்கு ஊடால எடவெளி உண்டாக்கிக் குடுக்குதுன்னு 2013-ல ஜெர்மனிலயே இன்னொரு கூட்டம் எலில காட்டுச்சு. கூட்டிட்டு வந்து, ஒளிச்சு வச்சு, பேரு மாத்தி, கதவத் தொறந்து விட்டு, உள்ள போனவனுக்குப் புது ரத்தக்குழாயும் இழுத்துக் குடுக்கு. சம்பளம் கெடையாது.

புத்துக்காரன் இதுக்கும் மேல போயிருவான். இருக்க பந்தக்காரரு பத்தலன்னு ஆள் எடுக்க ஆரம்பிச்சிருவான். டெக்சாஸ்ல எம்.டி. ஆண்டர்சன்காரங்க 2012-ல சினைப்பைப் புத்து வந்த 619 பொம்பளைகளப் பாத்தாங்க. 31 விழுக்காட்டுப் பேருக்குத் தட்டணு 4,50,000-க்கு மேல. ஏன்னு தோண்டுனா, கட்டி இன்டர்லூக்கின்-6-ங்கதச் சுரக்குது, அது ஈரலுக்குப் போவுது, ஈரல் த்ராம்போபாயட்டினக் கூட்டுது, அது எலும்பு மஜ்ஜைக்குப் போயி ‘இன்னும் போடு இன்னும் போடு’ங்கு. கூடுன தட்டணு திரும்பிக் கட்டிக்கே ஒழைக்கு. அந்தப் பொம்பளைக கொறஞ்ச நாள்தான் பொழச்சிருந்தாங்கங்கதும் அதுல தெரிஞ்சுது.

மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? லட்டு தொண்டைல நிக்கா? தண்ணியக் குடி.

தட்டணு கூடுன எல்லாருக்கும் புத்துன்னு நான் சொன்னனா? இரும்புச்சத்து கொறஞ்சாலும் கூடும். சளி காய்ச்சலு, மூட்டு வீக்கம், ஆபரேசன் புண்ணு, எல்லாத்துலயும் கூடும், பொறவு எறங்கும். இங்கிலாந்துல எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க 2017-ல ஒரு கணக்குப் போட்டாங்க. சாதாரண டாக்டர்ட்ட வந்த நாப்பது வயசத் தாண்டுன ஆளுக. தட்டணு கூடியிருந்த ஆம்பளைகள்ல 11.6 விழுக்காட்டுக்கு ஒரு வருசத்துக்குள்ள ஏதோ ஒரு புத்து தெரிய வந்துச்சு. கூடாதவங்கள்ல 4.1. பொம்பளைகள்ல 6.2-ம் 2.2-ம். நுரையீரலும் பெருங்குடலும்தான் முன்னால நின்னுது. அப்ப நூறு ஆம்பளைல எம்பத்தெட்டுப் பேருக்கு அந்த வருசம் ஒண்ணுமில்ல. பயப்படுததுக்கு அது காரணமில்ல. ஆனா பாக்காம விடுததுக்கும் அது காரணமில்ல.

இதுல ஒரு வேடிக்கயும் உண்டு. ஊருல பந்தல் போடப் போறவரு சும்மா திரும்பி வருவாரா? அந்த வீட்டு ரகசியம் ஒண்ணு ரெண்டு காதுல வாங்கிட்டுத்தான் வருவாரு. தட்டணுவும் கட்டியத் தொட்டு வரும்போது அதோட ஆர்.என்.ஏ. துணுக்க உள்ள இழுத்துக்கிடுது, அதோட சொந்த ஆர்.என்.ஏ-வும் மாறிருது. 2015-ல ஆம்ஸ்டர்டாம்காரங்க 283 பேரோட தட்டணுவ எடுத்து, உள்ள இருக்க ஆர்.என்.ஏ-வப் படிச்சு, யாருக்குப் புத்து இருக்கு, யாருக்கு இல்லன்னு 96 விழுக்காடு சரியாச் சொல்லிட்டாங்க. லேபுல சொன்னது வேற, ஊரெல்லாம் போயி சோதிச்சு நம்புதது வேற. இன்னும் நம்ம டாக்டர் சீட்டுல எழுதிக் குடுக்கத சோதனையா அது வரல. ஆனா அந்தப் பந்தக்காரரயே உளவாளியாக்கப் பாக்காங்க பாரு, அந்த மூளைய நான் மெச்சுதேன்.

‘அப்ப தட்டணுவ அழிச்சிரலாம்லா மாமா’ங்க. இந்தா, கத்தரிக்கோல எடுத்துட்டு வாரேன், நீயே வெட்டு. கீமோ குடுத்த வார்டுல ஒரு ராத்திரி இருந்து பாரு. மருந்து எலும்பு மஜ்ஜைய அடிச்சுப்போட, தட்டணு 10,000-க்குக் கீழ எறங்குனா வெளிய இருந்து தட்டணு நெறஞ்ச மஞ்சப் பை ஏத்துவாங்க. ஏத்தலன்னா பல்லு வெளக்குன எடத்துல இருந்தெல்லாம் ரத்தம் வரும், மண்டைக்குள்ள வந்தா ஆளு இல்ல. எல்லா வீட்டுக்கும் பந்தல் போடுத ஒரே மனுசன அவன் ஒரு களவாணிப் பயலுக்கும் போட்டாம்னு ஊர விட்டு வெரட்டுனா, நாளைக்கி ஒன் வீட்டு மழைக்கு யாரு வருவா?

அங்கதான் ஆஸ்பிரினு வருது. அது தட்டணுவக் கொல்லாது. தட்டணுக்குள்ள சி.ஓ.எக்ஸ்-1-ன்னு ஒரு நொதி இருக்கு, அதுதான் தட்டணுவ ஒட்ட வைக்குத த்ராம்பாக்ஸேன்ங்கதச் செய்யும். ஆஸ்பிரின் அந்த நொதி மேல ஒட்டி நிரந்தரமாப் பூட்டிரும். மத்த செல்லுன்னா உட்கருவ வச்சுப் புது நொதி செஞ்சிக்கிடும். தட்டணுக்கு உட்கரு இல்லியே, அதனால அந்தத் தட்டணு சாவுத வரைக்கும் பூட்டு பூட்டுதான். ஆஸ்பிரின் எப்படி வேல செய்யுதுன்னு ஜான் வேன் 1971-ல கண்டாரு, அதுக்கு 1982-ல நோபலும் வாங்குனாரு. 2025-ல கேம்பிரிட்ஜ்காரங்க இன்னொரு முடிச்ச அவுத்தாங்க. தட்டணு விடுத அந்த த்ராம்பாக்ஸேன், புத்த அடிக்க வேண்டிய டி-அணுவ அடக்கி வச்சிருது. ஆஸ்பிரின் குடுத்த எலில டி-அணு விடுதலயாவுது, பரவுதது கொறையுது.

போன்காரன் சொன்ன காவாசி நெசம் இதுதான். மனுசங்கள்லயும் இருக்கு. லிஞ்ச்சுன்னு ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு, குடும்பத்துலயே பெருங்குடல் புத்து வந்துக்கிட்டிருக்கும். அந்த மாதிரி 861 பேர நியூகாசில் ஜான் பர்ன் கூட்டம் ரெண்டு கூறாப் பிரிச்சு, ஒரு கூறுக்கு ரெண்டு வருசம் ஆஸ்பிரின் குடுத்து, பத்து வருசம் பின்னாலயே போயிப் பாத்துச்சு. போடாதவங்கள்ல 13 விழுக்காட்டுக்கு வந்த புத்து, போட்டவங்கள்ல 9-ஆ நின்னுது. 2025-ல சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாலும் சேந்து சொன்னது இன்னும் கூர்மை. பெருங்குடல் புத்த ஆபரேசன் பண்ணுன ஆளுகள்ல கட்டில ஒரு குறிப்பிட்ட மரபணு மாத்தம் இருக்கவங்களாப் பொறுக்கி, தெனம் 160 மில்லிகிராம், மூணு வருசம். திரும்பி வருதது பாதியாக் கொறஞ்சுது. ‘பொறுக்கி’ன்னு சொன்னேன் பாரு, அதக் காதுல வாங்கு. மார்புப் புத்துக்காரங்க மூவாயிரம் பேர்ட்ட சோதிச்சப்ப ஒரு பலனும் இல்லன்னு பாதிலயே நிப்பாட்டிட்டாங்க. இங்கிலாந்து, அயர்லாந்தோட நம்ம இந்தியாவும் சேந்து, சிகிச்ச முடிச்ச பல வகைப் புத்துக்காரங்ககிட்ட ஆஸ்பிரின சோதிக்கத ஆய்வு ஒண்ணும் இருக்கு, பம்பாய் டாட்டா மெமோரியல் அதுல சேந்தது. இத்தன பேரு இத்தன வருசம் யாருக்கு ஆவும் யாருக்கு ஆவாதுன்னு மண்டைய ஒடைக்கானுவ. நீ மெடிக்கல்ல ரெண்டு அட்ட வாங்கி முடிச்சிட்ட.

நோயே இல்லாம சும்மா போட்டா? ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 19,114 வயசானவங்கள வச்சுப் பாத்துச்சு, பெரும்பாலும் எழுவது தாண்டுனவங்க. 2018-ல முடிவு வந்துச்சு. ஆயுசும் கூடல, சொகமும் கூடல. பெரிய ரத்தப்போக்கு 2.8 விழுக்காட்டுல இருந்து 3.8-ஆச்சு. கேன்சர்ல செத்தவங்க 2.3-லேருந்து 3.1. கொறையல, கூடுச்சு! ஏன்னு இன்னும் அடிச்சிக்கிடுதாங்க. இதயத்துக்கோ ஸ்டென்ட்டுக்கோ டாக்டர் எழுதிக் குடுத்து ஆஸ்பிரின் போடுத ஆளு நான் பேசுததக் கேட்டு நிப்பாட்டிரக் கூடாது, அது வேற கணக்கு. எனக்கும் ஒரு மாத்திர ராத்திரிக்கு உண்டு, நான் நிப்பாட்டுவனா?

சரி, இப்ப அந்தச் சீட்ட இப்பிடிக் குடு. நீ தட்டணு வரிய மட்டும் பாத்த. நாலு வரி மேல என்ன போட்டுருக்கு? ஹீமோகுளோபின் 10.1. ஆம்பளைக்கு 13 இருக்கணும். அதுக்குக் கீழ செவப்பணுவோட பருமன், 71. எம்பதாவது இருக்கணும். அங்கயும் ‘எல்’லுன்னு அடிச்சிருக்கான், அதுக்கு ஏன் லட்டு வாங்கல? ரத்தம் கொறைவு, அணு சிறுசு, தட்டணு கூடுதல். லேபுல இருந்தவன் இந்த மூணையும் ஒண்ணாப் பாத்தா ஒரு கேள்விதான் கேப்பான்: ரத்தம் எங்க வழியாப் போவுது?

முழிக்காத. எம் மவ நேத்து போன் போட்டா. பின்வழியா ரத்தம் போவுதுன்னும், மூலம்னு நீயா பேரு வச்சு, துத்தி எலைய வெளக்கெண்ணெய்ல வதக்கித் தின்னுக்கிட்டு, யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவ வாய அடைச்சிருக்கன்னும் சொன்னா. மூலமாத்தான் இருக்கும். பத்துல எட்டு அதாத்தான் இருக்கும்னு வையி. ஆனா நாப்பத்தேழு வயசு ஆம்பளைக்கு இரும்பு வத்துதுன்னா பெருங்குடலப் பாக்காம எந்த டாக்டரும் விட மாட்டான், விட்டா அவன் டாக்டர் இல்ல. அதுக்கு மேல நீ ரத்தம் ஒழுகுத எடத்துக்கு ஆஸ்பிரின வேற போடுத. ஒழுகுத பானைல ஓட்டையப் பெருசாக்கி விட்டுட்டு, கேன்சருக்கு வேலி போட்டுட்டேன்னு நடக்க.

நாளைக்கி டாக்டரப் பாக்கோம். திரும்ப ரத்தம் எடுப்பாங்க, இரும்புக்கு ஃபெரிட்டின் பாப்பாங்க, பின்னால வெரல் விட்டுப் பாப்பாங்க. வெக்கப்படாத, நீ பாட்டுக்குச் செவுரப் பாத்துக்கிட்டுப் படு. பொறவு கொலனோஸ்கோப்பின்னு நாள் குறிப்பாங்க. அதுக்கு மொத நாள் ஒரு உப்புத்தண்ணி குடுத்துக் குடிக்கச் சொல்லுவாங்க, அன்னிக்கி ராத்திரி நீ கட்டில்ல படுக்க முடியாது, கக்கூசுலதான் குடித்தனம். நான் தொணைக்கு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து ஒனக்குப் பழைய கதயா சொல்லுதேன்.

வேலையிருக்குன்னு இழுக்காத. வண்டிக்காரன்ட்டச் சொல்லியாச்சு, ஆறு மணிக்கு வாசல்ல நிக்கும். ஒங்கத்தைக்கும் தெரியும், அவதான் வெறும் வயித்துல போவணுமான்னு டாக்டர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டா. அந்த அட்டைய எடுத்து இந்த மேசை மேல வையி. முழுசா. பர்சுல ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கியே, அதயுந்தான்.